பொட்டலம் போகும் வழி

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கடையைக் கொஞ்சம் முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் சாலைத்தெரு வணிகர்களே, கோட்டைக்குள்ளிருந்து நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே, கடைசி நாகர்கோவில் பஸ்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

குற்றங்களைக் கண்டுபிடிக்கத் தடய அறிவியல் எப்படி உதவுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் பலருக்குத் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தரையிலிருந்து ஒரு முடியை எடுப்பார். விளம்பர இடைவேளை முடிந்து வந்தால் கம்ப்யூட்டர் திரையில் கொலைகாரனின் முகம் இருக்கும். அந்த முடி யார் கையில் எத்தனை நாள் இருந்தது, எந்த அலமாரியில் கிடந்தது, பூட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்று அந்தத் தொடரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நகராது. நீதிமன்றத்தில் அதைக் கேட்காமல் வழக்கு நகரக்கூடாது. இன்று மாலை நான் பேசப்போவது பெரும்பாலும் இந்த இடைவேளையைப் பற்றித்தான்.

இதற்கு இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கோட்டைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். வஞ்சியூர் நீதிமன்றங்கள் ஆட்டோவில் சட்டென்று போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம், ரசாயன ஆய்வாளரின் ஆய்வகம், மருத்துவக் கல்லூரியின் பிரேதப் பரிசோதனைக் கூடம் எல்லாமே இந்த நகரத்துக்குள்தான். ஒரு பொருள் குற்றம் நடந்த இடத்திலிருந்து கிளம்பி, ஸ்டேஷனுக்கும் ஆய்வகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ச் சேரும் முழுப் பயணமும் சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் ஊர் இது. அந்தச் சில கிலோமீட்டருக்குள் என்னவெல்லாம் நடக்க முடியும் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. திருவிதாங்கூரில் நம்பூதிரிகள் சிலர் மீது ஒழுக்கக் குற்றம் எழுந்தால் அவர்களைச் சுசீந்திரத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே கோயிலில் கைமுக்கு என்ற சத்தியப் பரீட்சை நடக்கும். கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை வெளியே எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் சுற்றிக் கட்டி, முத்திரை வைத்து, மூன்றாம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. கொடுமைதான், மறுப்பில்லை. இங்கே பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் குதிரைமாளிகையைக் கட்டிய சுவாதித் திருநாள் காலத்தில்தான் அது நின்றது. ஆனால் அந்தக் கொடுமைக்குள்ளும் ஒரு விஷயத்தில் அவர்கள் கவனமாக இருந்ததைப் பாருங்கள். கட்டின் மேல் முத்திரை வைத்தார்கள். நடுவில் யாரும் அவிழ்த்து மருந்து தடவிவிடக்கூடாது, கையை வேண்டுமென்றே புண்ணாக்கிவிடவும் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பரீட்சை மூடத்தனமானது. முத்திரை மூடத்தனமானதில்லை. நாம் பரீட்சையைத் தூக்கி எறிந்துவிட்டு அறிவியலைக் கொண்டுவந்தோம், சரி. முத்திரையை அதே அக்கறையோடு வைத்துக்கொண்டோமா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் இந்த அறிவியலுக்கு நல்ல வயதாகிவிட்டது. சென்னையில் ரசாயன ஆய்வாளரின் ஆய்வகம் 1849இலேயே வந்துவிட்டது. அன்றைய பெரிய தலைவலி விஷம்தான். விரல்ரேகைக்கென்று உலகத்தில் முதன்முதலாக அலுவலகம் திறந்தது லண்டனில் இல்லை, கல்கத்தாவில், 1897இல். எட்வர்ட் ஹென்றி என்ற வெள்ளைக்காரர் பெயரில் ரேகைப் பகுப்பு முறை புகழ்பெற்றது. அதற்குக் கணக்கும் வகையும் போட்டுக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். அந்த முறை சந்தித்த முதல் பெரிய வழக்கு வங்காளத்து ஜல்பைகுரியில் நடந்தது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி காலி. அங்கே கிடந்த ஒரு பஞ்சாங்கத்தில் பழுப்பு நிறத்தில் மங்கலான கறை. அதற்குள் ஒரு கட்டைவிரல் ரேகை. முன்பே திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற ஒரு பழைய வேலைக்காரனின் ரேகை கல்கத்தாப் பதிவேட்டில் இருந்தது. இரண்டும் ஒத்துப்போயின.

1898இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை, கொலையிலிருந்து விடுதலை. ரேகை அவன் அங்கே இருந்தான் என்று சொல்கிறது, கத்தியைப் பிடித்தவன் அவன்தான் என்று சொல்லவில்லை என்பது அதன் சாரம். நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு முன் அந்த நீதிமன்றம் காட்டிய நிதானத்தை இன்றைய மாலைச் செய்திகளில் நான் பார்ப்பதில்லை. டி.என்.ஏ. பொருந்தியது என்ற ஒரே வரியில் ஆளைத் தூக்கில் போட்டுவிடுகிறோம்.

அறிவியல் ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டால் எவ்வளவு துல்லியமான பதில் வரும் என்பதற்குக் கேரளத்திலேயே இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதலாவது, நீங்கள் எல்லோரும் அறிந்த சுகுமாரக் குறுப்பு வழக்கு. 1984 ஜனவரி 22 விடிகாலை, மாவேலிக்கரைக்குப் பக்கத்தில் குன்னம் என்ற இடத்தில், வயலில் ஓர் அம்பாசடர் கார் எரிந்து கிடந்தது. ஓட்டுநர் இருக்கையில் கரிக்கட்டையாக ஓர் உடல். கார் குறுப்புடையது. அவர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர். எல்லாக் கதையும் குறுப்பு இறந்துவிட்டார் என்றுதான் சொன்னது. உடலைப் பரிசோதித்தவர் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி. உமாதத்தன். அவர் பார்த்த முதல் இடம் மூச்சுக்குழாய். உயிரோடு தீயில் சிக்கியவன் மூச்சு விடுவான், மூச்சோடு புகையும் கரியும் உள்ளே போகும். இந்த உடலின் மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. ஆக, தீ வைப்பதற்கு முன்பே அந்த மனிதன் இறந்துவிட்டான். வயிற்றில் மதுவோடு ஈதர் இருப்பதை ரசாயன ஆய்வு காட்டியது. அதற்குள் போலீஸார் குறுப்பின் மைத்துனர் உடலில் புதிய தீக்காயங்களைப் பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் இறந்தவர் யார்? அதே நாட்களில் காணாமல்போயிருந்த ஒரு திரைப்பட நிறுவன ஊழியர் மீது சந்தேகம் போனது. மண்டையோட்டுப் படத்தையும் அவருடைய புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். கண்குழி, தாடை, பல்வரிசை எல்லாம் இசைந்தன. வெளிநாட்டுக் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் உயரமும் சாயலும் உள்ள ஒருவரைத் தேடி, வழியில் லிஃப்ட் கேட்டு நின்ற ஒரு அப்பாவியை ஏற்றிக்கொண்டு போன கதை வெளியே வந்தது. உமாதத்தன் பின்னாளில் மலையாளத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளைப் படித்தவர்கள் இங்கே இருக்கலாம். படிக்காதவர்கள் படியுங்கள், குற்றக்கதை எழுதுகிற நம் ஆட்களும்தான். அதில் வீரதீரம் இல்லை, பொறுமை இருக்கிறது. இதில் ஒரு கசப்பு உண்டு. குறுப்பின் மைத்துனரும் கார் ஓட்டுநரும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். குறுப்பு இன்றுவரை பிடிபடவில்லை. இறந்தது யார், எப்படி இறந்தார் என்று அறிவியல் சொல்லிவிட்டது. தப்பியவனைத் துரத்திப் பிடிப்பது ஆய்வகத்தின் வேலை இல்லையே.

இரண்டாவது, 2020 மே 7. கொல்லம் மாவட்டத்து அஞ்சலில் ஒரு இளம்பெண் தன் தாய்வீட்டுப் படுக்கையில் நாகம் கடித்து இறந்துகிடந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்புதான், மார்ச்சில், கணவன் வீட்டில் கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்து வந்தவள். ஜாதகத்தில் சர்ப்பதோஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெற்றோர் விடவில்லை. புதைத்திருந்த பாம்பைத் தோண்டி எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். பாம்புக்குப் பிரேதப் பரிசோதனையா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. வீட்டுக்குள் தானாக வந்த நாகமா, கொண்டுவரப்பட்ட நாகமா என்பது கேள்வி. அரிப்பாவில் வனத்துறையின் பயிற்சி மையத்தில் கட்டிலில் ஒரு பொம்மையைக் கிடத்தி, கையில் இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நாகத்தை வைத்துச் சோதித்தார்கள். அந்த அளவுள்ள நாகம் தானாகக் கடித்தால் இரண்டு பற்களின் தடத்துக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் கூட வராது. தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தால் பற்கள் விரியும், தடம் அகலும். அந்தப் பெண்ணின் கையில் இருந்த இரண்டு கடித்தடமும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தன. ஆக, சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் ஒரு கொலையைச் சொன்னது. அதோடு பாம்பு விற்றவரின் சாட்சியமும் செல்போன் தேடல்களும் சேர்ந்தன. 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை. இந்த வழக்கில் நான் மெச்சுவது சோதனையின் புதுமையை மட்டுமல்ல, அந்தப் பாம்பை யார் தோண்டினார்கள், எப்போது, யார் முன்னிலையில், எங்கே கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருந்ததைத்தான்.

மரபணுச் சோதனைக்கும் இந்த மாநிலம் ஒரு முன்கதை வைத்திருக்கிறது. இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. சாட்சியம் ஏறிய முதல் வழக்குகளில் ஒன்று தலசேரியில் 1989இல் நடந்த ஒரு தந்தைமை வழக்கு. ஹைதராபாத்திலிருந்து வந்து சாட்சி சொன்னவர் மரபணு விஞ்ஞானி லால்ஜி சிங். அதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது வஞ்சியூருக்கு வருவோம்.

1990 ஏப்ரல் 4. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் பிடிபட்டார். உள்ளாடையில் ஒளித்துவைத்திருந்த சரஸ் 61.5 கிராம். பிடித்த விசாரணை அதிகாரியின் பெயர் ஜெயமோகன். நம் எழுத்தாளர் இல்லை, கே.கே. ஜெயமோகன். பொருள் ஆய்வகம் போனது, போதைப்பொருள்தான் என்று அறிக்கை வந்தது. அந்த வேதியியலை யாரும் கேள்வி கேட்கவில்லை. செஷன்ஸ் நீதிமன்றம் பத்தாண்டு சிறையும் ஒரு லட்சம் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு கொச்சிக்குப் போனது. அங்கே எதிர்தரப்பு ஒரே ஒரு வாதத்தை வைத்தது. சாட்சிப்பொருளாக இருக்கும் இந்த உள்ளாடை இவருடையதே இல்லை, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள் என்றது. போட்டுப் பார்த்தார்கள். ஏறவில்லை. 1991 பிப்ரவரியில் விடுதலை. ஆள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

நடந்தது என்ன என்று பின்னால் தெரியவந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, குற்றம்சாட்டப்பட்டவரின் சொந்த உடைமைகளைத் திருப்பித் தரலாம் என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். அந்த உத்தரவைக் காட்டித் தொண்டிப் பொருள், அதாவது சாட்சிப்பொருள் அறையிலிருந்து உடைமைகள் வெளியே போனபோது, வழக்கின் உயிர்நாடியான அந்த உள்ளாடையும் சேர்ந்தே போனது. 1990 ஆகஸ்டில் போனது டிசம்பரில் திரும்பி வந்தது. ஏறத்தாழ நான்கு மாதம் அது நீதிமன்றத்தின் கையில் இல்லை. அந்த நான்கு மாதத்தில் அதை வெட்டித் தைத்துச் சிறிதாக்கிவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வாங்கிக்கொண்டு போனவர் அப்போது ஓர் இளம் வழக்கறிஞர், பின்னாளில் மாநில அமைச்சர். கொடுத்தவர் தொண்டிப் பிரிவு எழுத்தர். பெயர்கள் உங்களுக்குத் தெரியும். நான் இங்கே அரசியல் பேச வரவில்லை, பொட்டலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தோற்றுப்போன ஜெயமோகன் சும்மா இருக்கவில்லை, விசாரணை வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1994இல் வழக்குப் பதிவானது. அந்த ஆஸ்திரேலியர் தன் நாட்டில் வேறொரு கொலை வழக்கில் சிக்கி, இந்தியாவில் தப்பித்த விதத்தைச் சிறையில் கூட இருந்தவரிடம் சொன்னதாக இன்டர்போல் வழியே தகவல் வந்தது. குற்றப்பத்திரிகை 2006இல். அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, மேலும் வாய்தா. நடைமுறைக் குறையைச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்து, ஓராண்டுக்குள் விசாரித்து முடிக்கச் சொன்னது. 2026 ஜனவரியில் நெடுமங்காடு நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்லி மூன்றாண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. ஒரு துண்டுத் துணியின் கதை முப்பத்தைந்து ஆண்டுகளைத் தின்றிருக்கிறது.

இந்த வழக்கில் ஆய்வகம் எங்கேயாவது தவறு செய்ததா? இல்லை. போலீஸ் பொருளைக் கைப்பற்றியதில் தவறா? அதுவும் இல்லை. ஒரு பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஓர் அலமாரிக் கதவு, கேள்வி கேட்காத ஒரு மேசை. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆய்வக அறிக்கை வந்தால் எல்லோரும் கடைசி வரியைத்தான் படிப்பார்கள். விஷம் இருந்ததா, ரத்தம் மனித ரத்தமா, ரேகை பொருந்தியதா. நான் முதல் வரியைப் படிக்கிறவன். பொட்டலத்தின் முத்திரைகள் குலையாமல் இருந்தன, அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்திருந்தன என்று அங்கே ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் கீழே எழுதியிருப்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பாக இருந்தாலும் வெறும் காகிதம். அரக்கு உருக்கி முத்திரை குத்துவதை ஆங்கிலேயன் விட்டுப்போன சடங்கு என்று நினைக்கிற இளைய அதிகாரிகள் உண்டு. முத்திரை மாதிரியைத் தனித்தாளில் குத்திக் கடிதத்தோடு அனுப்புவது எதற்கு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

பொட்டலம் கட்டுவதிலேயே அறிவியல் இருக்கிறது. ரத்தக்கறை படிந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துக் கறை அழுகிவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். நம் கடைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, கருவாட்டையும் வத்தலையும் எப்படிக் கட்டுவது என்று சாலைத்தெருவுக்குத் தெரியாதா. விஷம் சந்தேகப்பட்டால் வயிறு, ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை உப்பு கரைந்து தெவிட்டிய நீரில் போட்டு அனுப்ப வேண்டும். உறுப்பு கெடாமலிருக்க ஃபார்மலின் நல்லதுதானே என்று ஊற்றிவிட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். அந்த உப்பு நீரிலும் கொஞ்சம் தனிக் குப்பியில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் விஷம் உடலில் இருந்ததா, உப்பில் இருந்ததா என்று வக்கீல் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

நேரமும் ஒரு சாட்சிப்பொருள். 2019 ஆகஸ்ட் 3 அன்று, நள்ளிரவுக்குப் பிறகு, இதே நகரத்தில் மியூசியத்துக்கு அருகே ஒரு பத்திரிகையாளர் மீது கார் மோதி அவர் இறந்தார். குற்றம்சாட்டப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் குற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். அவருடைய ரத்தம் பல மணி நேரம் கழித்தே எடுக்கப்பட்டது, அதில் மது இல்லை என்று அறிக்கை வந்தது என்பது ஊரறிந்த செய்தி. மனித உடல் மணிக்கு நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம் என்ற கணக்கில் மதுவை எரித்துத் தீர்க்கும். அப்படித் தாமதமாக எடுத்த ரத்தம், குடித்தார் என்றும் சொல்லாது, குடிக்கவில்லை என்றும் சொல்லாது. குற்றம்சாட்டப்பட்டவர் நிரபராதியாக இருந்தாலும் அதை நிரூபிக்கும் வாய்ப்பை அந்தத் தாமதம் அவரிடமிருந்து பறித்துவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி நான் பேசத் தயங்குகிற வழக்கு. தயங்கக் காரணம், அது இந்த இடத்துக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது. 2005 செப்டம்பர் 27. ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவிலிருந்து ஓர் இளைஞரைக் கோட்டைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கையில் சுமார் நாலாயிரம் ரூபாய் வைத்திருந்தது சந்தேகத்துக்குக் காரணம். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவரிடம் அவ்வளவு பணம் இருக்கக்கூடாதா? அன்றிரவே அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் தொடைகளில் சதை நசுங்கியிருப்பதைக் கண்டார். இரும்புக் குழாயை வைத்து உருட்டியதோடு ஒத்துப்போகும் காயங்கள் என்று சாட்சி சொன்னார். வெளித்தோலில் அதிகம் தெரியாது, உள்ளே சதை கூழாகியிருக்கும். வெட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும் காயம். சொந்த அரசின் போலீஸுக்கு எதிராக அப்படி எழுத ஒரு அரசு மருத்துவருக்கு முதுகெலும்பு வேண்டும். அதை இந்த மேடையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த இளைஞரின் தாய் பதின்மூன்று ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். சி.பி.ஐ. விசாரித்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2018 ஜூலையில் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தூக்கு விதித்தது, மேலும் சிலருக்குச் சிறை. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம், விசாரணையில் பெரும் குறைகள் இருப்பதாகச் சொல்லி, எல்லோரையும் விடுவித்தது. தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படாத ஒருவரைத் தூக்கில் போடாத நீதிமன்றம்தான் நமக்கு வேண்டும். ஆனால் பாருங்கள், அந்த இளைஞர் எப்படி இறந்தார் என்பதில் உடல் சொன்ன சாட்சியம் உறுதியானது. யார் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டிய காகிதங்கள் எல்லாம், எந்தக் கட்டடத்தில் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்டதோ அந்தக் கட்டடத்துக்குள்ளேயே எழுதப்பட்டவை. ஆய்வகத்தால் அதை என்ன செய்ய முடியும்? போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால், அந்த நிமிடத்திலிருந்து அந்த நிலையத்தின் பதிவேடுகளையும் கேமராப் பதிவுகளையும் அந்த நிலையத்தார் தொடக்கூடாது என்பது என் கட்சி. சந்தேகத்துக்குரியவரின் கையிலேயே தடயத்தைக் கொடுத்து வைக்கும் ஏற்பாடு வேறு எந்தக் குற்றத்திலும் இல்லை.

சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். சோதனையையும் கைப்பற்றலையும் படம்பிடிக்கவும் தனிப் பிரிவு வந்துவிட்டது. அத்தனை நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது நம் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கின் தீர்ப்பை. 2011இல் சுருளி அருவிக்குப் போன ஓர் இளஞ்சோடி கொலையுண்டு கிடந்தது. ஒருவர் பிடிபட்டார். டி.என்.ஏ. பொருந்தியது என்றார்கள். தேனி நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் எடுத்தது முதல் ஆய்வகம் சேரும் வரை யார் கையில் எப்படி இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை, கலப்படத்துக்கு வாய்ப்பில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தூக்குமேடைக்கும் விடுதலைக்கும் நடுவில் இருந்தது எழுதப்படாத சில பக்கங்கள். அவர் குற்றவாளி என்றால் அந்த இருவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. நிரபராதி என்றால் தூக்கின் நிழலில் ஒரு மனிதனின் இத்தனை ஆண்டு போனதற்கு யாரும் ஈடு தர முடியாது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

அந்தத் தீர்ப்பு நாட்டுக்கே பொதுவான விதிகளைப் போட்டது. டி.என்.ஏ. மாதிரியைப் பொட்டலமாகக் கட்டும்போது வழக்கு எண், சட்டப்பிரிவு, ஸ்டேஷன், அதிகாரி பெயர் எல்லாம் எழுத வேண்டும். மருத்துவரும் விசாரணை அதிகாரியும் பொதுச் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியில்லாமல் யாரும் பிரிக்கக்கூடாது. எடுத்த நாள் முதல் தீர்ப்பு வரும் நாள் வரை பொருள் யார் கையில் இருந்தது என்று ஒரு பதிவேடு வைத்து, அதை வழக்குக் கட்டோடு சேர்க்க வேண்டும். இதைச் சொல்ல 2025 வரை ஏன் ஆனது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. டி.என்.ஏ.வுக்கு மட்டும் ஏன், உள்ளாடைக்கும் உள்ளுறுப்புக்கும் கத்திக்கும் செல்போனுக்கும் ஏன் இல்லை என்றால், அதற்கும் இல்லை. வரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முடிக்கப்போகிறேன், பஸ் நேரம் எனக்கும் தெரியும்.

அந்தப் பொதுச் சாட்சி என்று சொன்னேனே, அது நீங்கள்தான். போலீஸ் ஓர் இடத்தைச் சோதித்துப் பொருளைக் கைப்பற்றும்போது மகசரில் கையெழுத்துப் போட அக்கம்பக்கத்துக் கடைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். வம்பு வேண்டாம் என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். கூப்பிட்டால் போங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், மலையாளம் எழுத்து சரளமில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். எண்ணிக்கை, எடை, நிறம், நேரம் சரியா என்று பாருங்கள். பொட்டலத்தைக் கட்டி, அரக்கு வைத்து, உங்கள் கையெழுத்திட்ட சீட்டை அதன் மேல் ஒட்டுகிற வரை அங்கேயே நில்லுங்கள். அவசரப்படுத்தினால், முத்திரை வைத்த பிறகுதான் கையெழுத்து என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் உங்களைக் கூண்டில் ஏற்றி, இந்தப் பொட்டலம்தானா என்று கேட்பார்கள். பார்த்தால்தான் அன்று நெஞ்சு நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.